காலி அரங்கில் மூன்றாம் பாட்டு

அவ்வளவு பெரிய அரங்கில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் கழிந்த நேரம். வெளியே துபாய் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி, சட்டைக்குள் கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர். என் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் என் பெயர் இல்லை. விருந்தினர் என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மேடையில் என் மகள் ஜெனி. ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றாள். நிகழ்ச்சிக்கு முன் மைக்கும் வாத்தியங்களும் சரியாக இருக்கின்றனவா என்று பாடிப் பார்க்கும் நேரம் அது. சவுண்ட் செக் என்கிறார்கள். ராத்திரி இந்த அரங்கு நிறைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்திருந்தேன். மூன்றாவது பாட்டில் குரல் மேலே ஏறவேண்டிய ஓர் இடம் உண்டு. அந்த இடம் எனக்கு மனப்பாடம். அங்கே குரல் வரவில்லை.

கரகரப்போ இருமலோ ஒன்றும் இல்லை. தொட்டியில் தண்ணீர் தீர்ந்த பிறகு குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருமே, அப்படி வந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் கண்ணை மூடியிருந்தார், அவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

ஜெனி மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, இருட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினாள்.

பெயர் எழுதாததற்குக் காரணம்

இந்தத் தொடரில் இதுவரை கப்பல் சரக்கைப் பற்றியும் கேம்ப் சாப்பாட்டைப் பற்றியும் எழுதினேனே தவிர மகளைப் பற்றி எழுதியதில்லை. ஜெபல் அலியில் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை பார்க்கும் குளச்சல் பக்கத்து சேவியருக்கு, பிரிட்டனில் பெயர்பெற்ற ஒரு பாப் பாடகி மகள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் மேடைப்பெயர் வேறு. அதை எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறாள். வீட்டுப்பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். சொன்னாள் என்றா எழுதினேன்? செய்தியாக டைப் செய்து அனுப்பினாள். அந்த மதியத்துக்குப் பிறகு இன்றுவரை நான் அவள் குரலைக் கேட்கவில்லை. லண்டனில் ஒரு டாக்டர் வாரம்தோறும் அவள் தொண்டைக்குள் பார்க்கிறார். இன்னும் பேசவேண்டாம் என்கிறார்.

நைட் டூட்டி சேச்சி

ஜெனி பிறந்து வளர்ந்தது குவைத்தில், அப்பாசியாவில். என் மனைவி ஸ்டெல்லா அங்கே நர்ஸ். நாங்கள் சேச்சி என்று கூப்பிட்ட ஒரு மலையாளி நர்ஸின் குடும்பத்தோடு ஃபிளாட்டைப் பகிர்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் மாறி மாறி நைட் டூட்டி. அதனால் அந்த வீட்டில் பகலில் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டே இருப்பார். கதவை அறைந்து சாத்தியதாகவோ மிக்ஸியைப் பகலில் ஓட்டியதாகவோ எனக்கு ஞாபகமில்லை.

ஜெனி பாடும் பிள்ளை. எழுந்தால் பாட்டு, குளித்தால் பாட்டு. ஸ்டெல்லா விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடிவருவாள்.

"மெதுவா மக்ளே. சேச்சி இப்பத்தான் வந்து படுத்திருக்கா கேட்டியா."

பிள்ளை பாட்டை நிறுத்தவில்லை. சத்தத்தைத்தான் குறைத்தாள். வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அது சுற்றும் சத்தத்துக்குக் கீழே, மூச்சும் குரலும் பாதிப்பாதியாகப் பாடுவாள். அடுத்த அறைக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்கூடத் தப்பாது.

பல வருஷம் கழித்து லண்டன் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள், இந்தப் பெண் பாடுவது காதோரம் ரகசியம் சொல்வதுபோல் இருக்கிறது, இது அபூர்வமான பாணி என்று. ஸ்டெல்லா போனில் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, "பாணியாம் பாணி. சேச்சிக்க நைட் டூட்டி," என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து அப்போதே நெடுநாள் ஆகியிருந்தது.

மழை பெய்யும் ஊர்

ஜெனிக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது ஸ்டெல்லாவுக்கு பிரிட்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தாயும் மகளும் முன்னால் போவது, நான் பின்னால் போவது என்று ஏற்பாடு. என் விசா விண்ணப்பம் ஒருமுறை திரும்பிவந்தது. மறுமுறையும் திரும்பிவந்தது. நடுவில் குவைத்து வேலை போய், துபாய் வேலை கிடைத்தது. 'பின்னால்' என்ற சொல்லுக்கு எல்லை கிடையாது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஸ்டெல்லாவும் நானும் பிரியவில்லை. சேர்ந்தும் இல்லை. கல்ஃபில் இப்படி நிறையக் குடும்பம் உண்டு, அதற்கென்று ஒரு பெயர்தான் இல்லை.

இங்கே வாட்ஸ்அப்பில் நேராகப் பேசத் தடை உண்டு, குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். ஜெனியும் நானும் அப்படித்தான் வளர்ந்தோம். அவள் பள்ளிக்கூடம் விட்டு மழையில் நடந்தபடி ஒரு பதிவு அனுப்புவாள். நான் டூட்டி முடிந்து கம்பெனி பஸ்ஸில் அதைக் கேட்டுவிட்டு ஒன்று அனுப்புவேன்.

அவள் பிரபலமான கதையை நான் அந்தப் பதிவுகளில்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் விழாவில் பாடியது. பிறகு தானே பாட்டுக்கட்டி, தன் அறையில் உட்கார்ந்து பாடி இணையத்தில் போட்டது. கல்லூரியில் இருக்கும்போது அதில் ஒன்று தீப்பிடித்ததுபோல் பரவியது. "டிகிரிய முடிக்கட்டும், பிறகு பாடட்டும்," என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள். டிகிரி முடியவில்லை. ஒரு கம்பெனி முதல் ஆல்பத்தை வெளியிட்டது, பெரிய ஊர்களில் பாட அழைத்தார்கள்.

இரண்டாவது ஆல்பம் எடுபடவில்லை. முன்பு புகழ்ந்தவர்களே அவள் நிறத்தையும் உடம்பையும் பற்றிக் கண்டபடி எழுதினார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. எனக்குப் பதிவுகள் மட்டும் வரும். திறந்தால் பேச்சு இருக்காது. மழைச்சத்தம், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம், அவ்வளவுதான். பதிலுக்கு நானும் பேசவில்லை. கிடங்குக்கு வெளியே போனை நீட்டிப்பிடித்து, லாரிகள் போகும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றும் தெரியாது.

மூன்றாவது ஆல்பத்தில் அவள் எழுந்துவிட்டாள். முன்பைவிடப் பெரிதாக.

ஒருநாள் இங்கே ஒரு மாலில் பேண்ட் வாங்கப் போயிருந்தேன். கடையில் அவள் பாட்டு ஓடியது. பாட்டு முடியும்வரை பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைப்பையன் வந்து சைஸ் என்ன என்று கேட்டான். கையைக் காட்டி அவனை நிறுத்திவைத்தேன். பாட்டு முடிந்ததும் கையில் இருந்ததையே வாங்கிக்கொண்டு வந்தேன். இடுப்புக்குச் சேரவில்லை.

முருகேசன் போனில் சொன்னது

அல் கூஸில் என் ரூமில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் முருகேசன். ராமநாதபுரம் பக்கம், சாரம் கட்டும் வேலை. எனக்குப் பக்கத்துக் கட்டில். அவனுக்கு அவள் பாட்டு பிடிக்காது. "என்னண்ணே, காய்ச்சக்காரி மொனங்குற மாதிரி இருக்கு. மேளம் கீளம் வைக்கச் சொல்லுங்க," என்பான். ஆனால் அவள் துபாய்க்கு வருகிறாள் என்றதும் என் சட்டையை அவன்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

அன்று குரல் போனதும் அரங்கின் நடைபாதையில் நின்று முதலில் அவனைத்தான் கூப்பிட்டேன். சைட்டில் இருந்தான். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"அக்ரிமெண்டுல கையெழுத்துப் போட்ருக்காங்களாண்ணே?"

"போடாம எப்படிடா வருவா?"

"அப்ப மொதல்ல பாஸ்போர்ட்டு யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. ஒத்துக்கிட்ட வேலையச் செய்யலேன்னா இங்க விடமாட்டாய்ங்க. கேஸப் போட்டுட்டா ஏர்போர்ட்லயே நிப்பாட்டிருவாய்ங்க."

அவன் சும்மா சொல்லவில்லை. முந்தைய கம்பெனியில் முதுகு பிடித்துக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டவன் அவன். பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வருவதற்குள் அவன் மகள் வயதுக்கு வந்து, சடங்கும் முடிந்துவிட்டது. அதைப் போனில் பார்த்தான்.

கல்ஃபில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இந்தப் பயம் எலும்பில் ஊறிவிடும். அங்கே நின்ற நேரத்தில் என் மகள் எனக்குப் பாடகியாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் வந்தவளாகத் தெரிந்தாள்.

டாக்டரும் ஜெனியும்

ஓர் எகிப்து டாக்டர் வந்தார். மேக்கப் அறையில் அவளை உட்காரவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கிப் பார்த்தார். குரல் நாண் ஒன்றில் ரத்தக் கசிவு. திரையில் எனக்கும் காட்டினார், வெள்ளையாக இருக்கவேண்டியது சிவந்திருந்தது.

"இன்றிலிருந்து ஒரு சொல் பேசக்கூடாது. ரகசியக் குரலில்கூட. இந்த நிலையில் பாடினால் தழும்பு விழும். தழும்பு விழுந்தால் இந்தக் குரல் போனது போனதுதான்."

ஜெனி போனை எடுத்து ஆங்கிலத்தில் டைப் செய்து காட்டினாள். தமிழில் தருகிறேன்: 'இன்று மட்டும் பாடிவிடுகிறேன். நாளையிலிருந்து பேசமாட்டேன்.'

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நான் சொல்லிவிட்டேன்," என்று பெட்டியை மூடினார்.

அவளுடைய மேனேஜர் ஹெலன் நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமாக ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பாடவேண்டாம் என்று ஜெனியிடம் சொல்லிப் பார்த்தார். ஜெனி அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டினாள். ஏன் இத்தனை பிடிவாதம் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். பிள்ளை பயந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் மறைக்கிறாள்.

பாஸ்போர்ட்

நிகழ்ச்சியை நடத்தும் கம்பெனியின் அறை அதே நடைபாதையின் கடைசியில். உள்ளே இர்ஃபான் என்ற மும்பைக்காரர், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். நல்ல கோட்டு. எதிரே நாற்காலி இருந்தது, நான் உட்காரவில்லை. அரபாப் என்று நாங்கள் சொல்லும் முதலாளியின் அறையில் நின்றே பழகியவன்.

வாசலில் கேட்பார்களோ என்று என் பாஸ்போர்ட்டை அன்று சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். இந்தியில் பேசினேன்.

"பாய், இதை வச்சுக்கோங்க. என் பொண்ணுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. அவளை ஊருக்கு விட்டுடுங்க. அவ வந்து பாடிக் குடுக்கிற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன். எங்கயும் போகமாட்டேன்."

அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது என்ன அங்கிள்?"

"ஜாமீன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் எடுத்து என் சட்டைப்பையிலேயே வைத்தார்.

"இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கு. டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும். யாரும் யாரையும் பிடிச்சு வைக்கமாட்டாங்க. அவங்க பாடகி, அங்கிள். லேபர் இல்ல."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் காது சுட்டது. ஹெலன் வாசலில் நின்றிருந்தார். இந்தி புரிந்திருக்காது. பாஸ்போர்ட்டைக் கொடுத்ததும் வாங்கியதும் கண்ணாடிக் கதவில் தெரிந்திருக்கும்.

"மிஸ்டர் சேவியர், அவள் யாருக்கும் பயப்படவில்லை," என்று எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இந்த இசைப்பயணத்தில் முதலில் துபாயே இருக்கவில்லை. அவள்தான் சேர்க்கச் சொன்னாள். உங்களுக்கு எங்கள் நாட்டு விசா கிடைக்கவில்லை. நீங்கள் அவளை மேடையில் பார்த்ததே இல்லை. இன்று அவள் பாடுவது உங்கள் ஒருவருக்காக."

மேக்கப் அறை

ஜெனி கண்ணாடி முன் உட்கார்ந்து, ஆவி பறக்கும் கோப்பையின் மேல் முகத்தைக் கவிழ்த்திருந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தார்கள்.

"மக்ளே, நான் ரூமுக்குப் போறேன்."

நிமிர்ந்தாள்.

"சவுண்ட் செக்ல ரெண்டு பாட்டு கேட்டாச்சு. எனக்கு அது போதும். நீ ராத்திரி பாடினாலும் நான் அங்க இருக்கமாட்டேன். யாருக்குப் பாடப் போற?"

டைப் செய்தாள். 'டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.'

"அவங்களுக்கு வேற பாட்டுக்காரி கிடைப்பா."

'உனக்கு?'

அந்த ஒரு சொல்லைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் இருந்தது. சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் அவள் பாடிவிடுவாள். ஆகவே கோபப்பட்டேன். அவளிடம் நான் கோபப்பட்டதே கிடையாது, எப்படிச் செய்வதென்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

"எனக்குக் காலையில டூட்டி இருக்கு," என்றேன். "பஸ் போயிரும்."

'பனிஷ்மெண்டா?' என்று காட்டினாள்.

கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவள் உச்சந்தலையில் கைவைத்து, நெற்றியில் சிலுவை போட்டேன். கதவைத் திறந்து நடந்தேன்.

நீளமான நடைபாதை. பின்னாலிருந்து அவளால் என்னைக் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துகொண்டு நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பாதிதூரம் போனபோது கைதட்டும் சத்தம் கேட்டது. ஜெனி விட்டு விட்டு, ஓங்கித் தட்டினாள். திரும்பிப் பார்த்தால் எல்லாம் கெட்டுவிடும். பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினேன்.

பஸ் நிறுத்தம்

ரூமுக்குப் போகிறேன் என்று சொன்னேனே தவிர, போகவில்லை. அரங்குக்கு எதிரே கண்ணாடி அறைபோல ஒரு பஸ் நிறுத்தம், உள்ளே ஏசி உண்டு. அதில் உட்கார்ந்தேன். அல் கூஸ் போகும் பஸ் வந்தது. விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

அந்தி நேர மக்ரிப் பாங்கு ஒலித்தபோது கூட்டம் வர ஆரம்பித்தது. எல்லாம் இளம் பிள்ளைகள். கன்னத்தில் மினுமினுப்புப் பூசியிருந்தார்கள். சிலர் சட்டையில் என் மகள் முகம். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கதவைச் சாத்திவிட்டார்களே, நிகழ்ச்சி தொடங்கப்போகிறதே.

அவள் பிடிவாதம் ஸ்டெல்லாவுடையது. ஒருவேளை இப்போது மேடைக்கு வந்திருப்பாள். முதல் பாட்டில் தப்பித்துவிடுவாள், இரண்டாவதையும் கடந்துவிடுவாள், மூன்றாவதில்? அந்தச் சுவர்களைத் தாண்டி ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. காதைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஏசி இரைச்சல்தான். புனித தெரேசம்மாளிடமும் வேளாங்கண்ணி மாதாவிடமும் வேண்டிக்கொண்டேன். இன்று என் பிள்ளை பாடக்கூடாது என்று.

முருகேசன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

பிறகு ஒரு கதவு திறந்தது. வெளிச்சத்தில் சிலர் வெளியே வந்தார்கள். சிகரெட் பிடிக்க வருகிறார்களோ என்று பார்த்தேன். இன்னும் சிலர் வந்தார்கள். பிறகு எல்லாக் கதவுகளும் திறந்து, கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாலைக்கு வழிந்தது.

பஸ் நிறுத்தத்துக்குள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பள்ளி இறுதி வயது இருக்கும். கன்னத்து மினுமினுப்பு கண்ணீரில் ஒழுகியிருந்தது.

"இதுக்காடி டியூஷன விட்டுட்டு வந்தோம்?" என்றார் தாய்.

"ஷீ ஜஸ்ட் கேன்சல்டு, அம்மா. உள்ள உட்கார வெச்சுட்டு. ஷீ டசின்ட் கேர்."

"பாடலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க," என்று தாய்தான் பதில் சொன்னார். "மேனேஜர்னு ஒரு வெள்ளக்காரம்மா வந்து உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் போறாங்க. உடம்பாவது ஒண்ணாவது. கொஞ்சம் பேரு புகழு வந்துட்டா எல்லாத்துக்கும் திமிரு வந்துடுது."

"ஆமாம்மா," என்றேன். "திமிருதான்."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தோள் குலுங்கியது. அந்த அம்மா கைப்பையைத் திறந்து டிஷ்யூ எடுத்தார். மகளிடம் ஒன்று கொடுத்தார். கொஞ்சம் தயங்கி என்னிடமும் ஒன்று நீட்டினார்.

"ஐயோ, நீங்களும் டிக்கெட் வாங்கினீங்களா?" என்றார்.